ரப்பர் நிழலில் ஒரு வில்லுப்பாட்டு ஒத்திகை



நமது சங்கத்து அன்பர் ஒருவர் கடந்த மாசி மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய இசைவைப் பெற்று, பெயரை மட்டும் விட்டுவிட்டு, அதனை இங்கே சுருக்கித் தருகிறேன்.

"தாங்கள் பங்குனியில் ஊர்ப்பக்கம் போவதாக அறிந்தேன். எங்கள் ஊர் காட்டாக்கடையை அடுத்தது. என் தகப்பனார் அங்கே ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவர். அவருக்கு வயது 74 ஆகிறது. இவ்வாண்டுக் கொடையோடு நிறுத்திக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. என் மகளுக்கு ஒன்பது வயது. தன் பாட்டா குடம் அடித்து அவள் ஒருமுறையும் பார்த்ததில்லை. வீட்டிலுள்ள படங்களில் எல்லாம் அவர் நாற்காலியில் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் வாசிக்கும்போது ஒரு படம் எடுத்துத் தர இயலுமா?"

கொடைக்கு முன்பே நான் திரும்பிவிட வேண்டியிருந்தது. ஆதலால் ஒத்திகையைத்தான் எடுக்கலாம் என்று பதில் எழுதினேன். எளிய வேலை என்றே எண்ணினேன். இத்தனை மாதங்களாக இந்தப் பகுதியில் ஒளியைப் பற்றியும் நிழலைப் பற்றியும் உங்களுக்கு உபதேசம் செய்து வருகிறவன் அல்லவா! அந்தச் செருக்கு முதல் நாள் மாலையிலேயே அடங்கியது.

காட்டாக்கடை திருவனந்தபுரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவோடு நெடுங்காலம் இருந்து, 2014-இல் தனித் தாலுகாவாயிற்று. கிழக்கே அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நெய்யாறு அந்த மலைகளிலிருந்துதான் இறங்கி வருகிறது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழர்கள் கேட்டிருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை விழுந்தது. ஆயினும் பாட்டுக்கு அந்த எல்லை தெரியவில்லை. இப்பக்கம் வில்லுப்பாட்டு என்பதை அப்பக்கம் வில்லடிச்சான் பாட்டு என்கிறார்கள். தெக்கன் பாட்டுகள் என்று கேரளத்து அறிஞர்கள் குறிப்பிடும் கதைப்பாடல்களில் தமிழும் மலையாளமும் ஒரே அடிக்குள் கைகோத்து வரும். இரவிக்குட்டிப் பிள்ளை போரில் பட்ட கதையை இரு பக்கத்தாரும் தங்களுடையது என்றே பாடுவார்கள்.

வில்லுப்பாட்டு என்றால் என்னவென்று நம்மவர் வீடுகளில் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக இரண்டு வரி எழுதுகிறேன். ஆளைவிட நீளமான ஒரு வில்லை நாண் மேலே இருக்கும்படி கிடத்தி, அதன் நடுவை ஒரு மண்குடத்தின்மேல் பொருத்தியிருப்பார்கள். வில்லில் மணிகள் தொங்கும். தலைமைப் பாடகராகிய அண்ணாவி இரண்டு வீசுகோல்களால் நாணை அடித்துக்கொண்டு கதை சொல்வார், பாடுவார். ஒருவர் குடத்தை அடிப்பார். உடுக்கு, தாளம், கட்டை ஆகியவற்றோடு மற்றவர்கள் இருபுறமும் அமர்ந்து பின்பாட்டுப் பாடி, 'ஆமா' போடுவார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த சுப்பு ஆறுமுகம் இக்கலையைச் சென்னை மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டு சென்றார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அது மேடையில் விளக்குப் போட்டுப் பாடுகிற பாட்டு. நான் காணச் சென்றதோ ரப்பர் தோட்டத்து ஓரத்தில், கூலி வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்து பாடுகிற பாட்டு.

ரப்பர் தோட்டம் என்றேன். படமெடுப்பவனுக்கு அதைவிடப் பொல்லாத இடம் அரிது. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிடும். அப்போது தோட்டத்துக்குள் வெயில் தாராளமாக விழும். மாசியில் செம்பு நிறத்தில் தளிர் வரும். பங்குனியில் தழை அடைத்துக்கொள்ளும். தை மாதத்தில் ஒருமுறை அப்பக்கம் போயிருந்தவன் ஆதலால், வெட்டவெளி போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சென்றேன். சென்றபோது ஒரு பச்சைக் கூரை. அதன் ஓட்டைகள் வழியே வெள்ளை வெளேரென்று வானம். மேற்கே மரவரிசைகளின் இடையில் சூரியன் சாய்ந்துகொண்டிருந்தான். குழுவினர் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோயில் கிழக்கு நோக்கியிருந்தது. அதனைப் போலவே அவர்களும் கிழக்கு நோக்கினார்கள். அதை மாற்றச் சொல்ல எனக்கு வாயில்லை.

நான் கேமராவை எடுத்ததும் பாட்டு நின்றுவிட்டது. ஒருவர் ஓடிப்போய் முகம் கழுவினார். ஒருவர் சட்டை மாட்டிக்கொண்டார். அண்ணாவி வீசுகோலை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "எடுங்கோ, எடுத்து முடிச்சப் பொறவு பாடலாம்" என்றார். எழுவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அன்பருடைய தகப்பனார் கையைக் குடத்திலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். அதே நாற்காலிப் படம்! நாற்காலிதான் இல்லை.

அதனையும் எடுத்தேன். பிறகு அவர்கள் பாடத் தொடங்கியதும் சுற்றிச் சுற்றி வந்து அறுபது, எழுபது படங்கள் எடுத்தேன். இரவில் தங்கியிருந்த வீட்டில் அவற்றைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் வானம் பளிச்சென்று இருந்ததால், கேமரா அந்த வெளிச்சத்தைக் கணக்கில் கொண்டு மற்றவற்றை இருட்டாக்கிவிட்டது. எழுவரும் கரிக்கட்டையாய்த் தெரிந்தார்கள். முகம் தெரியவேண்டும் என்று ஒளியை ஏற்றி எடுத்தவற்றில் முகமெல்லாம் பச்சை. இலைகளில் பட்டுத் தெறித்து வந்த ஒளியின் நிறம் அது. கைபேசியில் 'இரவு முறை' என்ற வசதி இருக்கிறதே என்று அதையும் முயன்றிருந்தேன். அது பல படங்களைத் தொடர்ந்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தருவது. அசையாத பொருளுக்கு அருமையான ஏற்பாடு. குடம் அடிக்கும் கைக்கு அது ஆகாது: பெரியவருக்கு மூன்று கைகள் முளைத்திருந்தன, மூன்றும் புகையாய். மின்னொளி வீசியும் இரண்டு படங்கள் எடுத்திருந்தேன். தொலைவு இரட்டித்தால் விளக்கின் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் அல்லவா? முன்னே இருந்த குடம் நிலா போலவும், பின்னே இருந்த தாளக்காரர் பேய் போலவும் வந்திருந்தார்கள். அது போதாதென்று, அந்த மின்னலில் உடுக்குக்காரர் தாளம் தவறி, அண்ணாவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையும் ஒரு படத்தில் பதிந்திருக்கிறது. அதை ஒருவருக்கும் காட்டப் போவதில்லை.

மறுநாள் காலையில் கேமரா இல்லாமல் அந்த இடத்துக்குப் போனேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ரப்பர் பால் வடிப்பவர்கள் வேலையை முடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். கோயிலின் வடபுறத்தில் பழைய வெட்டுக்கல் சுவர் ஒன்று தோள் உயரத்திற்கு நின்றது. குழுவினர் அமரும் இடத்திற்குத் தெற்கே தரையில் உட்கார்ந்து பார்த்தால், வானம் மறைந்து, அந்தச் சுவரும் அதன்மேல் அடர்ந்த மரநிழலுமே பின்புலமாக அமைந்தன. நின்று பார்த்தால் வானம். உட்கார்ந்து பார்த்தால் சுவர். வேறுபாடு இரண்டடி. முதல் நாள் மாலை முழுவதும் நான் நின்றுகொண்டே எடுத்திருக்கிறேன். ஊரார் அனைவரும் தரையில் அமர்ந்து கேட்கிற பாட்டை நான் ஒருவனே நின்றுகொண்டு பார்த்திருக்கிறேன்!

பின்புலம் கிடைத்தது. முகத்திற்கு ஒளி வேண்டுமே. இந்த இடத்தில் நம் நாட்டு ஒளிப்பதிவாளர் ஒருவரை நினைவுகூர வேண்டும். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படம் 1956-இல் வந்தது. காசியிலுள்ள ஒரு வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் கட்டியிருந்தார்கள். மேலிருந்து வானத்து ஒளி பரவலாக இறங்கும் முற்றம் அது. ஸ்டூடியோ விளக்குகளை நேராகப் பாய்ச்சினால் பொய் நிழல்கள் விழும். சுப்ரத மித்ரா என்ன செய்தார் தெரியுமா? முற்றத்தின்மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியின்மேல் பாய்ச்சி, அதிலிருந்து திரும்பி வரும் மென்மையான ஒளியில் படம் பிடித்தார். அவருக்கு விளக்குகள் இருந்தன. எனக்குச் சாய்ந்துபோகும் சூரியன் இருந்தான். துணி இருவருக்கும் பொது. தங்கியிருந்த வீட்டில் ஓர் எட்டு முழ வேட்டி கடன் வாங்கினேன்.

அன்று மாலை ஐந்தரை மணிக்குப் போய், முதலில் அண்ணாவியிடம் முந்திய நாள் மின்னலுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதுக்கென்ன மக்களே, கொடையில இடியும் மின்னலும் வந்தாக்கூட பாடத்தானே வேணும்" என்றார். வேட்டியின் இரு முனைகளையும் குழுவுக்குக் கிழக்கே இரண்டு மரங்களில் கட்டினேன். மேற்கே சாயும் வெயில் அவர்களுடைய தலைக்குமேல் வந்து வேட்டியில் பட்டு, முகத்திற்குத் திரும்பியது. அடங்கிய ஒளிதான். ஆயினும் அது வெள்ளை ஒளி. பச்சை பெரும்பாலும் போயிற்று.

பிறகு ஒரு மணி நேரத்தில் பாதியைக் கேமராவைத் தொடாமலேயே கழித்தேன். வெளிச்சம் நழுவிக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று இந்தத் தொழிலில் கைவைத்தவர்களுக்குத் தெரியும். பங்குனியில் அங்கே ஆறரை மணி அளவில் பொழுது அடைகிறது. நில நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்களில் அந்தி நீடிப்பதில்லை. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். மேலை நாட்டார் எழுதிய புகைப்பட நூல்களில் மாலைப் பொன்னொளி நெடுநேரம் நிற்பதாகப் படித்துவிட்டு நம் ஊரில் காத்திருந்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அந்த அரை மணி வீண் போகவில்லை. இரண்டாவது பாட்டுக்குள் என்னை அவர்கள் மறந்துவிட்டார்கள். சட்டை போட்டவர் புழுக்கம் தாங்காமல் கழற்றினார். கொசு விரட்டத் தேங்காய்த் தொண்டைப் பற்றவைத்திருந்தார்கள். (ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால் கொசு அதில்தான் குடியிருக்கும்.) புகை எழுந்து சுவருக்கும் ஆட்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய திரையைக் கட்டியது. கருத்த தலைகள் கருத்த நிழலிலிருந்து பிரிந்து தெரிந்தன. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை; கொசு செய்தது.

அந்த அரை மணியில் நான் கற்றுக்கொண்டது அவர்களுடைய தாளம். வீசுகோல் மேலே போய்க் கீழே இறங்குமுன் கண்ணிமைப்பொழுது நிற்கிறது. ஊஞ்சல் உச்சியில் நிற்பதுபோல. குடக்காரருடைய கையும் அப்படியே. உடுக்குக்காரர் மட்டும் நிற்பதே இல்லை. அவர் தோளிலிருந்து விரல் வரையில் அதிர்ந்துகொண்டிருப்பவர். எந்த வெளிச்சத்திலும் அவர் கலங்கித்தான் தெரிவார். கலங்கட்டும் என்று விட்டேன். அண்ணாவி கதையை வசனமாகச் சொல்லி ஒரு கேள்வியில் நிறுத்துவார். மற்றவர்கள் 'ஆமா' என்பதற்குமுன் எல்லோரும் அவர் வாயையே பார்ப்பார்கள். படத்திற்குரிய நொடி அதுதான். பாட்டைக் கேட்காதவனுக்கு அது எப்போது வரும் என்று தெரியாது.

இனிக் கணக்கு. நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரத்திற்குத் திறப்பை வைத்தேன். அதற்குமேல் நீட்டினால் கை புகையாகிறது. ஒளியுணர்திறன் எண் 3,200. பொரிமணல் தூவியதுபோலப் படத்தில் புள்ளி விழும் என்று தெரிந்தே அதை வைத்தேன். கறுப்பு வெள்ளைச் சுருள் காலத்தில் 400 எண் சுருளை அளவுக்குமேல் கழுவி எடுத்த படங்களிலும் இதைவிடப் பெரிய புள்ளிகள் உண்டு. அவற்றை நாம் யாரும் குறை சொன்னதில்லை. கைபேசியில் எடுப்பவர்கள் இந்த எண்களைத் தேட வேண்டியதில்லை. திரையில் முகத்தின்மேல் விரலை வைத்தால் போதும், கேமரா வானத்தை விட்டுவிட்டு முகத்தைக் கணக்கில் கொள்ளும். இரவு முறையை மட்டும் அணைத்துவிடுங்கள். மின்விளக்கு எரியும் இடமானால் திறப்பு நேரத்தை 100-இல் ஒரு பங்காக வைப்பது நல்லது. நம் நாட்டு மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. அதற்கு ஒவ்வாத வேகத்தில் எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும்.

வில்லைச் சிறிது சுருக்கவும் வேண்டியிருந்தது. லென்சுக்குத் தமிழில் 'வில்லை' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவரை அன்று நினைத்துக்கொண்டேன். "ஒரு நிமிடம் பொறுங்கள், வில்லை மாற்ற வேண்டும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். குழு முழுவதும் வில்லைப் பார்த்தது. பிறகு அதற்கு ஒரு விளக்கம் சொல்லி, அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு நிமிட வெளிச்சம் போயிற்று.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சங்கடம் எஞ்சியது. அந்த ஒளியில் லென்சைப் பெரிதும் சுருக்க முடியாது. அகலத் திறந்தால் ஒரு தொலைவில் உள்ளவர்களே தெளிவாக விழுவார்கள். எழுவரையும் தெளிவாக எடுப்பது இயலாத காரியம். எவரை விடுவது? குழுவின் தலைவர் அண்ணாவி. வில் அவருடையது, கதை அவருடையது. கடிதம் எழுதியவர் கேட்டதோ குடக்காரரை. அண்ணாவியை மங்கலாக்கி ஒரு படம் எடுத்து அக்குழுவுக்குக் கொடுத்தால் அதைவிட மரியாதைக் குறைவு ஒன்றில்லை. நான் தென்கிழக்கு மூலைக்கு நகர்ந்து நகர்ந்து, அண்ணாவியின் முகமும் குடக்காரரின் முகமும் லென்சிலிருந்து ஒரே தொலைவில் வரும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். சேற்றில் உட்கார வேண்டியிருந்தது. அந்த இடத்திலிருந்து பின்பாட்டுக்காரர் ஒருவர் முற்றிலும் மறைந்துபோனார். தாளக்காரர் பாதி தெரிந்தார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் அந்தப் பின்பாட்டுக்காரன். அவனைத் தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். அது சமாதானம் ஆகாது என்பதை அவன் முகம் சொல்லிற்று.

ஆறு மணி பத்து நிமிடத்திலிருந்து ஆறு இருபத்தைந்து வரையில் பதினொரு படங்கள் எடுத்தேன். முந்திய நாள் எழுபது, இன்று பதினொன்று. அவற்றில் ஒன்றில் அண்ணாவி வீசுகோலை உயர்த்தி வாயை மூடியிருக்கிறார். கேள்வி கேட்டு முடித்த நேரம். குடக்காரர் இடது கையால் குடத்தை அணைத்துக்கொண்டு, வலது கையை ஓங்கி, கழுத்தை நீட்டி அவரைப் பார்க்கிறார். எழுபத்து நான்கு வயது என்று சொல்ல முடியாது. பத்து வயதுப் பையன் பரிசு வாங்கக் காத்திருப்பதுபோல இருக்கிறது அந்த முகம். உடுக்கு ஒரு கலங்கல். பின்னே புகை. வேட்டியின் ஒரு முனையும் ஓரத்தில் விழுந்துவிட்டது. அதை வெட்டி நீக்கலாம், நான் நீக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் ஏழு பிரதிகள் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன், ஆளுக்கொன்றாக. முதல் நாள் எடுத்த வரிசைப் படத்தையும் சேர்த்தே அச்சிட்டேன். அந்த வரிசைப் படத்தைத்தான் அவர்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அதில் எல்லோரும் இருக்கிறார்கள், எல்லோரும் தலை வாரியிருக்கிறார்கள். முகங்கள் இருண்டவைதான், கடைக்காரர் கணிப்பொறியில் கொஞ்சம் வெளுப்பாக்கியிருந்தார். பெரியவர் இரண்டாவது படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்க வாய் ஏன் பிளந்து இருக்கு?" என்று கேட்டார்.

நமது அன்பருக்கு இரண்டையும் அனுப்பினேன். வரிசைப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். மற்றொன்றை மகள் எடுத்துக்கொண்டுவிட்டாளாம். அவள் கேட்ட கேள்விகளுக்குத் தனக்கே விடை தெரியவில்லை என்றும், குடம் மண்ணா வெண்கலமா, அடித்தால் ஏன் உடைவதில்லை என்றெல்லாம் கேட்டு அவள் பாட்டாவுக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் தொந்தரவு கொடுக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறார். இந்தச் சித்திரையில் கொடை முடிந்தது. பெரியவர் சொன்னபடி நிறுத்திக்கொண்டாரா என்று கேட்டு எழுதினேன். அதைப் பற்றி அன்பர் எதுவும் எழுதவில்லை.

அண்ணாவி படத்தைப் பார்த்த விதத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் தம் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், குடக்காரரின் ஓங்கிய கையையும் தம் வீசுகோலையும் விரலால் அளந்தார். பிறகு பாதி தெரிந்த தாளக்காரரை அழைத்து, "இதப் பாருடே. எனக்க கோல் மேல நிக்கு, அண்ணனுக்க கை மேல நிக்கு, உனக்க தாளம் மட்டும் மூடியாச்சு. நாலு நாளா நான் சொல்லியது இதுதானே?" என்றார். அந்த இடத்தை அன்று மாலை மூன்று முறை பாடினார்கள்.